நுணுக்கமாகக் கேட்க எந்த க்ளோஸ்டு பேக் ஹெட்போன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயலின் வாசிக்கிறீர்கள், கொஞ்சம் பாடுவீர்கள், வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறீர்கள். வாசிக்கும்போது காதில் மாட்டிக்கொள்ள ஒரு க்ளோஸ்டு பேக், அதாவது பின்பக்கம் மூடிய, ஹெட்போன் வேண்டும். பதிவு முடிந்ததும் அதே ஹெட்போனில் உட்கார்ந்து, வில் எங்கே கரகரத்தது, சுருதி எங்கே இறங்கியது என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்கவும் வேண்டும். நண்பர் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாடலை வாங்கச் சொல்கிறார், 'டீடெயில் எல்லாம் அதில்தான் இருக்கிறது' என்கிறார். அது உண்மையா, எதை வாங்கலாம் என்பது கேள்வி. வயர்லெஸ் சரிப்படுமா, பழையது வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

18 வருடமாக ரெக்கார்டிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓம் கணக்கு கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, ஹெட்போனின் பேடு (காது மெத்தை) உங்கள் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் உட்காருகிறதா என்பதுதான். இது ஏதோ சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தோன்றும். ஆனால் க்ளோஸ்டு பேக்கில் பாஸ் (அடிச்சத்தம்) எவ்வளவு கேட்கும் என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது.

ஏன் க்ளோஸ்டு பேக்? பின்பக்கம் திறந்த ஹெட்போன் பெரும்பாலும் இன்னும் இயல்பாகக் கேட்கும். ஆனால் காதுக்குள் போகும் சத்தத்தில் பாதி அறைக்குள்ளும் போகும், மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஒரு பாடகி கடைசி வரியை மூச்சோடு மூச்சாகக் கரைத்து முடித்தார். அறையில் யாரும் அசையவில்லை, அவ்வளவு அழகான டேக். அவர் குரலை மட்டும் சோலோ போட்டுக் கேட்டால் அந்த மூச்சுக்கு அடியில் மெல்லியதாக டிக், டிக், டிக். தலைமுடிக்கு மேல் ஹெட்போனை லேசாக ஏற்றி வைத்திருந்தார், தாளம் காட்ட ஹெட்போனில் ஓடும் கிளிக் அந்த இடுக்கு வழியாகக் கசிந்திருக்கிறது. அந்த வரியை மறுபடி நாலு தரம் பாடினார், முதலில் வந்தது வரவில்லை. க்ளோஸ்டு பேக்காகவே இருந்தும் இது நடந்தது. அன்றிலிருந்து கிளிக்குக்குக் கூர்மையான 'டிக்' சத்தத்தை எடுத்துவிட்டு மொத்தையான ஒரு மரத்தட்டல் சத்தம் வைத்துக்கொள்கிறேன். உச்ச அதிர்வெண்தான் மைக்கில் முதலில் மாட்டும். அதைக் கொஞ்சம் வெட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. கிண்ணத்துக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் முன்னால் தள்ளும் அதே சத்தத்தைப் பின்னாலும் தள்ளுகிறது. திறந்த ஹெட்போனில் அது வெளியே போய்விடும். மூடியதில் கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்பி வருகிறது. பஞ்சு, துணி, உள்வடிவம் என்று எதை வைத்தாவது அதை அடக்கப் பார்க்கிறார்கள், முழுக்க அடங்காது. சில ஹெட்போன்களில் குரல் ஒரு சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பேடுக்கும் தலைக்கும் நடுவில் அடைபட்ட சின்னக் காற்றறைதான் பாஸுக்கு அழுத்தம் தருகிறது. கண்ணாடிக் காம்பு ஒன்று குறுக்கே வந்தால் போதும், காற்று கசிந்து அடிப்பகுதி இளைத்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். 40 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே அதிர்வெண்ணில் ஓடும் சத்தம்) ஒன்றை மிதமான சத்தத்தில் போடுங்கள். இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். சத்தம் கண்டபடி கூடினால் பேடு சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். கண்ணாடியோடு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம் செய்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே திடுக்கென்று இருக்கும். உலகமே புகழும் ஹெட்போன் உங்கள் தலையில் வேறு ஹெட்போனாகிவிடுவது இப்படித்தான்.

அப்புறம், நண்பர் சொல்லும் 'டீடெயில்'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு ஹெட்போனில் மூச்சு, விரல் நகர்வு, வில்லின் உரசல் எல்லாம் பளிச்சென்று கேட்டால் 'என்ன நுணுக்கம்!' என்கிறோம். பல நேரம் அது 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தூக்கினால் உரசலும் 'ஸ்' சத்தமும் முன்னால் வந்து நிற்கும். பதிவில் இல்லாத எதுவும் புதிதாக வந்துவிடாது. தவறு கண்டுபிடிக்க இது உதவும், நான் மறுக்கவில்லை. வெட்டி ஒட்டிய இடத்தில் வரும் சின்ன 'டப்', வாய் ஈரத்தின் சத்தம், பின்னணி இரைச்சல் எல்லாம் இப்படிப்பட்ட ஹெட்போனில் சட்டென்று சிக்கும். ஆனால் அதே ஹெட்போனை நம்பி வயலினின் மேல்பகுதியைக் குறைத்தால், மற்ற இடத்தில் கேட்பவருக்கு அது போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். சுருதி இறங்குவதைக் கண்டுபிடிக்க இந்த மேடு ஒன்றும் செய்யாது. அதற்கு மிட், அதாவது நடு அதிர்வெண் பகுதி, சுத்தமாக இருக்க வேண்டும். வயலினின் ஜி தந்தி 196 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. சுருதியை உங்கள் காது பிடிக்கும் அடிநாதமும் முதல் சில மேல்நாதங்களும் அங்கிருந்து மூன்று, நாலு கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன.

ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டில் எது ஒரு டெசிபல் கூடுதலாகக் கத்துகிறதோ அது 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடியிருப்பதாகத் தோன்றாது, அதுதான் வேடிக்கை. ஆகவே மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் வால்யூமைக் காதுக்குச் சமமாகத் திருகிக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டில் ஒரு நிமிடத்துண்டு போதும். முடிந்தால் உங்கள் வயலினின் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது நேரில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, மாடல்கள். நான் நீண்ட நாள் புழங்கியவற்றை மட்டும் சொல்கிறேன். சோனி எம்டிஆர்-7506 1991-இல் வந்தது, இன்னும் ஸ்டுடியோ சுவர்களில் தொங்குகிறது. 63 ஓம், எடை குறைவு, மடியும், எதில் செருகினாலும் போதிய சத்தம் வரும். மேல்பகுதி தூக்கல், அதனால் தவறு பிடிக்க நல்ல வேட்டை நாய். சுருள் கேபிள் கழற்ற முடியாது. பேடின் மேல்தோல் சில வருடத்தில் செதில் செதிலாக உதிரும், ஆனால் மாற்று பேடு எளிதில் கிடைக்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ காதை முழுக்க மூடும், 80, 250 ஓம் மாடல்களில் வெல்வெட் மாதிரியான பேடு, நாள் முழுக்க மாட்டியிருந்தாலும் உறுத்தாது. 32 ஓம் மாடலில் மட்டும் பேடு தோல் மாதிரி இருக்கும், அதனாலேயே அதன் சத்தமும் கொஞ்சம் மாறும். உதிரிப்பாகங்கள் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். பாஸும் தூக்கல், டிரெபிளிலும் (மேல்பகுதியிலும்) ஒரு கூர்முனை. நண்பர் ரசிக்கும் 'டீடெயில்' பெரும்பாலும் அந்தக் கூர்முனைதான் என்பது என் ஊகம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸில் கேபிள் கழற்றலாம், கிண்ணத்தைத் திருப்பி ஒற்றைக் காதில் வைத்துக் கேட்கலாம். பாஸ் கொஞ்சம் குண்டு. ஏகேஜி கே371 2019-இல் வந்தது. ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் நிறைய பேரைக் கேட்க வைத்து ஆராய்ந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்க வேண்டும் என்று உருவாக்கிய இலக்கு வளைவை ஒட்டி வடிவமைத்தது. ஒரே ஹெட்போனில் பதிவும் கேட்டலும் என்றால் இந்தப் பட்டியலில் குரலும் வயலினும் இயல்பாகக் கேட்பது இதில்தான். பேடு ஒட்டாவிட்டால் பாஸ் சட்டென்று இறங்குவதும் இதில்தான், கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 25 1988-இலிருந்து இருக்கிறது. காதுக்கு மேல் உட்காரும் ரகம், ரொம்ப இலகு, ஆனால் இறுக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் காது தாங்காது.

250 ஓம் விஷயத்துக்கு வருவோம். ஓம் என்பது தரத்தின் அளவு இல்லை, ஹெட்போன் எவ்வளவு வோல்டேஜ் கேட்கிறது என்பதோடு சம்பந்தப்பட்ட எண். கணக்குப் போட்டே பார்க்கலாம். டிடி 770 ப்ரோ 250 ஓமுக்குக் குறிப்பிடப்படும் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். போனில் செருகும் சின்ன டாங்கிள் போன்ற ஒன்று 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 ஓமில் அது 4 மில்லிவாட், ஆக உச்சமாக 102 டெசிபல். அதே 1 வோல்ட்டை 63 ஓமும் 106 டெசிபல் உணர்திறனும் உள்ள 7506-க்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட 16 மில்லிவாட், 118 டெசிபல். 102 போதாதா என்று கேட்கலாம். அழுத்திச் சுருக்கிய பாட்டுக்குப் போதும். ஆனால் நேரடியாகப் பதிவான வயலினில் சராசரிக்கு மேலே உச்சங்கள் 15, 20 டெசிபல் ஏறும். சராசரியை அந்த அளவு கீழே வைத்தால் மெல்லிய இடங்களில் வால்யூமைத் தேடுவீர்கள். நல்ல இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் 250 ஓம் சிக்கலில்லை. சில இன்டர்ஃபேஸ்களின் ஹெட்போன் வாயிலுக்கே இருபது, முப்பது ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின் தடை) இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 32 ஓம் ஹெட்போனின் பாஸ் கொஞ்சம் உப்பலாம், 250 ஓம் அசையாது. நண்பர் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இது ஒன்றுதான். போனிலும் மடிக்கணினியிலும் நேராகச் செருகுவீர்கள் என்றால் 32-இலிருந்து 80 ஓமுக்குள் இருந்துகொள்ளுங்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் மற்ற எண்களில் பாதி அலங்காரம். '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டு, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. மனிதக் காது நல்ல இளமையிலேயே 20,000-க்கு மேல் போவதில்லை. டிரைவர் 40 மில்லிமீட்டரா 50-ஆ என்பதும் அப்படியே. வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்ற மாதிரி எண்களைப் படிக்கும்போது அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது மேல் அதிர்வெண்ணில் கிடைப்பது. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் க்ளோஸ்டு பேக் தடுப்பது சொற்பம், அதனால் பக்கத்து அறையின் டிரம் கிக் எப்போதும் கேட்கும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் சத்தம் 'திறக்கும்' என்பார்கள்; பேடு உங்கள் தலைக்குப் பழகிப் படிவதும் உங்கள் காது அந்தச் சத்தத்துக்குப் பழகுவதும் நிச்சயம் நடக்கிறது, டிரைவர் அந்த அளவுக்கு மாறுகிறது என்பதை நான் நம்பவில்லை.

பாடும்போது காதை மூடினால் உங்கள் குரலே மண்டைக்குள் குமுறும், எலும்பு வழியாக வரும் அடிச்சத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குவதால். அதனால்தான் பாடகர்கள் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றுங்கள், ஆனால் கழற்றிய கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு அழுத்தி வையுங்கள், அந்தப் பக்கச் சத்தத்தை இன்டர்ஃபேஸிலேயே அணைத்துவிடுங்கள். வயலினுக்கு இன்னொரு தொல்லை உண்டு, யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலான ஸ்டுடியோ ஹெட்போன்களின் கேபிள் இடது கிண்ணத்திலிருந்து இறங்கும், வயலினும் இடது தோளில்தான். கேபிள் மரத்தில் உரசினால் ஒரு மெல்லிய 'கொர்' பதிவில் விழும், வில்லின் கரகரப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடுவீர்கள். கேபிளை முதுகுப்பக்கமாகத் தள்ளிச் சட்டைக் காலரில் ஒரு கிளிப் போட்டால் தீர்ந்தது. பெரிய கிண்ணம் வயலினில் முகவாயைத் தாங்கும் கட்டையில் இடிக்கிறதா என்பதையும் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டே பாருங்கள்.

வயர்லெஸ் கேட்டீர்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், வாசிப்பதற்கு வேண்டாம். வழக்கமான ப்ளூடூத்தில் 100, 200 மில்லி செகண்ட் தாமதம் சாதாரணம். காற்றில் சத்தம் 10 மில்லி செகண்டில் சுமார் 3.4 மீட்டர்தான் போகும். 200 என்றால் நீங்கள் மீட்டிய சுரத்தை 70 மீட்டர் தள்ளி நின்று கேட்கிற மாதிரி. தாளம் நிற்காது. நாய்ஸ் கேன்சலிங் பயணத்துக்கு அருமை, அது முக்கியமாகக் கீழ் அதிர்வெண் இரைச்சலைக் குறைப்பது. மைக் பக்கம் கசிவைத் தடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எந்த ஹெட்போனிலும் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் இடது ஸ்பீக்கரின் சத்தம் ஒரு நொடியின் மிகச் சின்னப் பின்னத்துக்குள் வலது காதையும் எட்டும். ஹெட்போனில் எட்டாது. அதனால் இடம் வலமாகத் தள்ளிவைத்தவை ஹெட்போனில் அகலமாகத் தெரியும், ரிவெர்ப் (அறை எதிரொலி) வேண்டியதைவிட அதிகமாகக் கேட்கும், குறைத்துவிடுவீர்கள். ஈக்யூ (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு ஹெட்போனின் மேடு பள்ளத்தைச் சமன் செய்வது நிஜமாகவே பலன் தரும், முக்கியமாக மிட்டிலும் பாஸிலும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காதுக்குக் காது அளவு மாறும், அங்கே யாரோ ஒருவரின் அளவீட்டை வைத்து வெட்டாதீர்கள். காற்று கசிவதால் இளைத்த பாஸை ஈக்யூவில் தூக்குவதும் வீண், தலையைத் திருப்பினால் கணக்கு மாறிவிடும்.

நுணுக்கம் தேடும்போது கை தானாக வால்யூமை ஏற்றும், அதற்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். வயலின்காரரின் இடது காது உரக்க வாசிக்கும்போதே 90-ஐத் தாண்டும், ஆகவே உங்கள் இடது காதுக்கான பங்கில் ஒரு பகுதி ஹெட்போன் போடும் முன்பே செலவாகிவிடுகிறது. கேட்டு முடிவெடுக்கும் வேலையை வாசித்த உடனே செய்யாமல் மறுநாள் காலைக்குத் தள்ளிப் பாருங்கள்.

இதையெல்லாம் சேர்த்து, உங்கள் தலையை நான் பார்க்காமல், இங்கிருந்து சொல்லக்கூடியது: கண்ணாடி போடாதவர் என்றால் கே371-ஐ முதலில் மாட்டிப் பாருங்கள், போடுகிறவர் என்றால் பேடு மெத்தென்று இருக்கும் டிடி 770 ப்ரோ 80 ஓம், டிரெபிளைக் கொஞ்சம் ஈக்யூவில் இறக்கிக்கொண்டு. வெறும் பதிவுக்கும் பிழை பிடிக்கவும் என்றால் 7506. வாங்கும் முன் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வைத்துக்கொண்டு, 40 ஹெர்ட்ஸ் சோதனையையும், மோனோவில் (இரு பக்கமும் ஒரே சத்தமாக) பதிவான ஒரு குரல் நெற்றிக்கு நடுவில் அசையாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ கம்ப்யூட்டரிலோ, மாறாவிட்டால் கோளாறு உங்கள் காதில்.

பழையது வாங்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், புது பேடு விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு. என் சொந்த ஹெட்போனில் பேடு மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு மாதம் என் மிக்ஸ் எல்லாம் பாஸ் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது, திருப்பி அனுப்பியவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புது பேடு மாட்டினேன். வழக்கமாகப் போடும் பாட்டில் பாஸ் கிட்டார் திடீரென்று எழுந்து வந்து நின்றது. அன்று மாலை எட்டு மிக்ஸைத் திரும்பத் திறந்தேன். இப்போது பேடின் உள்ளோரத்தில் தேதியைப் பேனாவால் எழுதி வைக்கிறேன்.